ஓடிக் கொண்டாடும் பிறந்தநாள்

நுழையும்முன்

பிறந்தநாள் ஆண்டுக்கு ஒருமுறை எவரையும் கேளாமலே வந்து சேர்கிறது. அதனைக் கொண்டாடும் முறை மட்டும் காலந்தோறும் மாறி வந்துள்ளது. கேக்கும் பதாகையும் வெடியும் மலிந்த இன்றைய கொண்டாட்டத்துக்கு நடுவே, விடியற்காலையில் எழுந்து ஓடிப் பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கமும் உலகின் பல பகுதிகளில் காணப்படுகிறது. அவ்வழக்கம் ஏற்கத்தக்கதா, அதனால் விளையும் நன்மை யாது, அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை எவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெருமங்கலம்

பிறந்தநாள் விழா தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல், மன்னனின் பிறந்தநாள் விழாவைப் பெருமங்கலம் எனக் குறிப்பிடுகிறது. அந்நாளில் மன்னன் தன் சினத்தை நீக்கியிருத்தல் வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் கருத்தாகும். புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாண்மங்கலம் என வழங்குகிறது. சிறைப்பட்டோரை விடுவித்தல், போரைத் தவிர்த்தல், கொடை வழங்குதல் முதலியன அந்நாளுக்குரிய செயல்களாக உரைகளில் எடுத்துரைக்கப்படுகின்றன. முதலாம் இராசராசன் பிறந்த ஐப்பசிச் சதய நாள் தஞ்சையில் இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

இச்செய்திகளில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. பிறந்தநாளுக்கு உரியவன் அன்று ஏதேனும் ஒன்றைச் செய்தான். சினத்தை விட்டான், பொருளைக் கொடுத்தான், பிறரை விடுவித்தான். பிறந்தது அவன் முயற்சியால் நிகழ்ந்ததன்று. ஆகவே, பிறந்தநாளைப் பெருமைக்குரியதாக்க அவன் ஒரு செயலைச் செய்ய வேண்டியிருந்தது.

இன்றைய கொண்டாட்டமும் அதன் சுமையும்

இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. பிறந்தநாளுக்கு உரியவர் பெறுபவராகவே இருக்கிறார். வாழ்த்தும் பரிசும் அவரை நோக்கி வருகின்றன. நள்ளிரவில் கேக் வெட்டி அதனை முகத்தில் பூசுதலும், தெருமுனையில் பதாகை வைத்தலும், உறங்குவோரை எழுப்பும் வெடிகளை வெடித்தலும் கொண்டாட்டத்தின் கூறுகளாகிவிட்டன. உண்பதற்குரிய பொருள் குப்பைக்குச் செல்கிறது. பதாகையோ விழா முடிந்த பின்னும் பல நாள் காற்றில் கிழிந்து தொங்குகிறது.

இவற்றினும் கவலைக்குரியது வேறொன்று உண்டு. பல பள்ளிகளில் பிறந்தநாளன்று மாணவர் வண்ண உடை உடுத்தி வருவதும், வகுப்புத் தோழர்க்கு மிட்டாய் வழங்குவதும் வழக்கம். இது அன்பின் அடையாளமாகத் தொடங்கியதே. ஆயினும், புத்தாடை எடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை அன்று சீருடையிலேயே வந்து, தன் பிறந்தநாளை எவர்க்கும் சொல்லாமல் மறைத்துவிடுகிறது. சில வேளைகளில் பள்ளிக்கு வருவதையே தவிர்த்துவிடுகிறது. பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்பதற்காகக் கடன் வாங்கும் தாய்மாரும் உளர். பிறந்ததற்கு மகிழ வேண்டிய நாள், இல்லாமையை நினைவூட்டும் நாளாக மாறுமெனில், கொண்டாடும் முறையை மறுஆய்வு செய்வதே அறிவுடைமை.

செலவில்லாததும் எல்லார்க்கும் இயல்வதுமான ஒரு கொண்டாட்டம் வேண்டும். அதில் பிறந்தநாளுக்கு உரியவர் ஏதேனும் ஒன்றைச் செய்பவராகவும் இருத்தல் வேண்டும். விடியற்காலை ஓட்டம் அத்தகையது.

வயதை எண்ணும் அடிகள்

நெடுந்தொலைவு ஓடுவோரிடையே ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாளன்று தம் வயது எத்தனையோ அத்தனை கிலோமீட்டர் ஓடுவர். முப்பது வயதினர் முப்பது கிலோமீட்டரும், நாற்பது வயதினர் நாற்பது கிலோமீட்டரும் ஓடி அந்நாளைக் கொண்டாடுவர். கிலோமீட்டருக்கு மாற்றாக நிமிடங்களைக் கணக்கிட்டு ஓடுவோரும் உளர்.

ஆண்டு தானாகக் கழிகிறது. அதற்காக எவரும் உழைக்க வேண்டுவதில்லை. கிலோமீட்டர் அவ்வாறு கழிவதில்லை. அதன் ஒவ்வோர் அடியையும் ஓடுபவரே எடுத்து வைக்க வேண்டும். வாழ்ந்த ஆண்டு ஒவ்வொன்றையும் ஒரு கிலோமீட்டராகவோ ஒரு நிமிடமாகவோ கடக்கும்போது, வெறும் எண்ணாக இருந்த வயது உடல் உணரும் ஒன்றாகிறது. ஐந்தாம் நிமிடத்தில் பள்ளியில் சேர்ந்த ஆண்டையும், பத்தாம் நிமிடத்தில் நடுநிலைப் பள்ளியில் பயின்ற நாள்களையும் நினைத்துக்கொண்டு ஓடுவது எவர்க்கும் கைகூடும். தன்னைத் தானே எண்ணிப் பார்க்க இத்தகைய தனிமையைக் கேக் வெட்டும் கூட்டம் தருவதில்லை.

முதுமையடைந்தோர் பிறந்தநாளை வருத்தத்தோடு எதிர்கொள்வது இயல்பு. மூத்தோர் தடகளப் போட்டிகளிலோ நிலைமை நேர்மாறானது. அங்கு 35 வயது முதல் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துப் போட்டிகள் நடத்தப்பெறுகின்றன. 59 வயதில் தம் பிரிவின் மிக மூத்தவராக இருக்கும் ஒருவர், அறுபதாம் பிறந்தநாளன்று அடுத்த பிரிவின் மிக இளையவராகிவிடுகிறார். வயது கூடுவதை ஆவலோடு எதிர்நோக்கும் விந்தை அங்கு நிகழ்கிறது. சண்டிகரைச் சேர்ந்த மன் கௌர் என்னும் மூதாட்டி, 93 வயதில்தான் ஓட்டப் பயிற்சியைத் தொடங்கினார். 2017ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடைபெற்ற உலக மூத்தோர் விளையாட்டுப் போட்டியில், 101ஆம் வயதில் 100 மீட்டர் தொலைவை 74 நொடிகளில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். அவருடைய பிரிவில் அவர் ஒருவரே ஓடினார். போட்டியிட வேறு எவரும் இல்லை என்பது அப்பதக்கத்தின் மதிப்பைக் குறைப்பதன்று. அந்த வயதில் அந்தக் கோட்டில் வந்து நின்றதே அவருடைய வெற்றி.

சான்றிதழ் இல்லாத பிறந்தநாள்

பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் மாவட்டத்தின் பியாஸ் பிண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர் ஃபௌஜா சிங். கால்கள் வலுவின்றி இருந்தமையால் ஐந்து வயதுவரை அவரால் நடக்க இயலவில்லை. பின்னர் உழவுத்தொழில் செய்து வாழ்ந்தார். மனைவியையும் மகனையும் இழந்த துயரம் முதுமையில் அவரை வருத்தியது. இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் அத்துயரிலிருந்து மீள ஓட்டத்தை நாடினார். 2000ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தான் ஓட்டத்தை நிறைவு செய்தபோது அவருக்கு வயது 89.

2011ஆம் ஆண்டு அவர் நூறு வயதை நிறைவு செய்தார். அதே ஆண்டு அக்டோபர் மாதம் கனடாவின் டொரண்டோ நகரில் 42.195 கிலோமீட்டர் தொலைவை எட்டு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான காலத்தில் கடந்தார். நூறு வயதில் முழு மாரத்தான் ஓடிய முதல் மனிதர் என உலகம் அவரைப் போற்றியது. கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் மட்டும் அச்சாதனை இடம்பெறவில்லை. அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதே காரணம். அவருடைய கடவுச்சீட்டில் 1911 ஏப்ரல் 1 என்னும் பிறந்தநாள் குறிக்கப்பட்டிருந்தது. நூறாவது பிறந்தநாளுக்கு இங்கிலாந்து அரசி அனுப்பிய வாழ்த்து மடலும் இருந்தது. அவை போதிய சான்றாக ஏற்கப்படவில்லை.

சாதனைகளைப் பதிவு செய்வோர் ஆவணம் கேட்பதில் தவறில்லை. எனினும், மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று இங்குள்ளது. ஃபௌஜா சிங்கின் பிறந்தநாளுக்குத்தான் சான்று இல்லை. அவருடைய ஓட்டத்தைக் கண்டோர் பலர். எந்த நாளில் பிறந்தார் என்பதைக் காட்டிலும், பிறந்தபின் என்ன செய்தார் என்பதே அவர் பெயரை நிலைநிறுத்தியது. 2013ஆம் ஆண்டு ஹாங்காங் நகரில் 10 கிலோமீட்டர் ஓடியபின் போட்டிகளிலிருந்து அவர் விடைபெற்றார். 2025 ஜூலை 14 அன்று தம் சொந்த ஊரில் வாகனம் மோதி உயிரிழந்தார். சாலையில் கால்நடையாகச் செல்வோர்க்குப் பாதுகாப்பு இல்லை என்பதை அவருடைய மறைவு உணர்த்துகிறது.

தமிழ்நாட்டிலும் முந்தைய தலைமுறையினர் பலர்க்கு மெய்யான பிறந்தநாள் தெரியாது. பெரும்புயல் வீசிய ஆண்டு, ஊரில் திருவிழா நின்றுபோன ஆண்டு என நிகழ்ச்சிகளைக் கொண்டே அவர்கள் தம் வயதைக் கணக்கிடுவர். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதிய நாளே பிறந்தநாளாக நிலைத்துவிட்டவர்களும் உளர். கொண்டாட நாள் இல்லாத அவர்கள் வயலிலும் வீட்டிலும் நடந்த நடைக்கு அளவே இல்லை.

தெரிந்து தெளிவோம்

மாரத்தான் ஓட்டம் 1896ஆம் ஆண்டு ஏதென்சில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே இடம்பெற்றது. இன்று வழங்கும் 42.195 கிலோமீட்டர் என்னும் தொலைவு 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஓடப்பெற்றது. 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி இவ்வோட்டத்தில் வென்றார். பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1984ஆம் ஆண்டில்தான்.

உடலுக்கு அளிக்கும் பரிசு

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதியை உடலுக்கு அனுப்புகிறது. விரைந்து ஓடும்போது அவ்வளவு நான்கு மடங்காகவும் உயரக்கூடும். மனித உடல் வியர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றல் மிக்கது. ஆதலால் நெடுந்தொலைவு ஓடும் திறன் மனிதர்க்கு இயல்பாகவே வாய்த்துள்ளது.

அத்திறன் இன்று பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு அந்நிறுவனம் மேற்கொண்ட ஆய்வில், உலகெங்கும் 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் ஐவருள் நால்வர் இந்த அளவை எட்டவில்லை எனத் தெரியவந்தது. மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு இது மிகவும் பொருந்தும். தனிவகுப்பும் தேர்வும் கைப்பேசியும் விளையாட்டு நேரத்தை விழுங்கிவிடுகின்றன. பிறந்தநாள் ஓட்டம் ஒன்றினால் உடல்நலம் வந்துவிடாது. ஆனால், அந்நாளில் நன்றாக ஓட விரும்பும் மாணவர் அதற்கு முந்தைய சில வாரங்களேனும் ஓடிப் பழக வேண்டும். அந்தப் பழக்கமே அவர் தம் உடலுக்கு அளிக்கும் உண்மையான பரிசாகும்.

தெருவில் ஓடும் உரிமை

எல்லாராலும் ஓட முடியும் என்று சொல்லிவிடுவது எளிது. பதினாறு வயதுச் சிறுவன் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் ஓடினால் ஊரார் அவனைப் பாராட்டுவர். அதே வயதுச் சிறுமி ஓடினால், எங்கே ஓடுகிறாய், ஏன் ஓடுகிறாய், துணைக்கு யார் என்னும் வினாக்கள் அவளைத் தொடர்கின்றன. மேற்கூறிய ஆய்விலும் போதிய உடலுழைப்பு இல்லாத ஆண்பிள்ளைகள் 78 விழுக்காடாகவும் பெண்பிள்ளைகள் 85 விழுக்காடாகவும் இருந்தனர்.

நெடுந்தொலைவு ஓட்டத்தைப் பெண்ணுடல் தாங்காது என்று மேலைநாடுகளிலும் ஒரு காலத்தில் நம்பினர். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் கேத்தரின் சுவிட்சர் என்னும் இளம்பெண், தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்து ஓடினார். பெண் ஒருவர் ஓடுவதைக் கண்ட போட்டி அலுவலர் ஒருவர் வழியிலேயே அவருடைய எண் அட்டையைப் பறிக்க முயன்றார். சுவிட்சர் நிற்காமல் ஓடி இலக்கை அடைந்தார். 1972ஆம் ஆண்டில் அப்போட்டியில் பெண்களுக்கு முறையான இசைவு கிடைத்தது. 2017ஆம் ஆண்டு, தம் 70ஆம் வயதில், அதே 261ஆம் எண்ணை அணிந்து அவர் மீண்டும் பாஸ்டனில் ஓடினார். அன்று அவரைத் தடுக்க எவரும் முன்வரவில்லை.

ஒரு பெண்ணின் பிறந்தநாளன்று அவளுடைய தோழியரும் உடன்பிறந்தோரும் பெற்றோரும் அவளோடு சேர்ந்து ஊர்த்தெருவில் ஓடினால், அத்தெரு அவளுக்கும் உரியது என்பதை ஊர் காண்கிறது. அடுத்த ஆண்டு வேறொருத்தி ஓடுவதற்கு அது வழி திறக்கும். தெருவிளக்கும் மிதிபடும் நடைபாதையும் விடியற்காலையில் திறந்திருக்கும் பள்ளித் திடலும் இதற்குத் தேவை. அவற்றைக் கேட்பதும் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியே.

கடைசியில் வருபவர்

ஓட்டத்திலும் பகட்டு நுழையக்கூடும். விலையுயர்ந்த காலணி, அச்சிட்ட மேற்சட்டை, ஓடிய தொலைவை உடனுக்குடன் உலகுக்கு அறிவிக்கும் கைக்கடிகாரம் ஆகியவை இன்றியமையாதவை எனக் கருதப்பட்டால், பதாகை வேறொரு வடிவில் திரும்பி வந்துவிட்டது என்பதே பொருள். வென்றவரை மட்டும் புகழ்ந்து பின்தங்கியவரை நகைத்தால், மிட்டாய் வாங்க இயலாத பிள்ளையின் இடத்தில் ஓட இயலாத பிள்ளை வந்து நிற்கும்.

இதற்கு மாற்றாக ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2004 அக்டோபர் 2 அன்று இலண்டன் நகரின் புஷி பூங்காவில் 13 பேர் கூடி ஓடினர். அவ்வாறு தொடங்கிய பார்க்ரன் என்னும் இயக்கம் இன்று பல நாடுகளில் வாரந்தோறும் 5 கிலோமீட்டர் ஓட்டத்தைக் கட்டணமின்றி நடத்துகிறது. ஓட இயலாதோர் நடக்கலாம். தன்னார்வலர் ஒருவர் அனைவர்க்கும் பின்னே நடந்து வருவார். கடைசி இடம் அவருக்கே உரியது. ஆகவே, பங்கேற்க வந்தவர் எவரும் கடைசியாக வந்தோம் என்று நாண வேண்டியதில்லை.

இப்பண்பைப் பிறந்தநாள் ஓட்டத்துக்கும் கொண்டுவரலாம். அன்று பிறந்தநாளுக்கு உரியவரே அனைவர்க்கும் பின்னே வரலாம். மூச்சுத்திணறல் உள்ள தோழரோடு நடக்கலாம். சக்கர நாற்காலியில் வரும் தோழரின் வேகத்தையே குழுவின் வேகமாகக் கொள்ளலாம். மன்னன் தன் பெருமங்கல நாளில் சினத்தை விட்டதுபோல, இவர் முந்திச் செல்லும் ஆசையை விட்டுவிடுகிறார். பிறந்தநாளில் ஒருவர் பிறர்க்கு அளிக்கும் கொடையாக அது அமையும்.

செய்யத்தக்க முறை

பழக்கமில்லாத மாணவர் வயதுக்கு ஒரு கிலோமீட்டர் என ஓட முற்படுதல் கூடாது. பதினாறு வயதினர் பதினாறு நிமிடங்கள் ஓடினாலே போதும். ஓடவும் நடக்கவுமாக அந்நேரத்தைக் கழித்தாலும் குறையில்லை. பள்ளித் திடலின் ஒரு சுற்று 200 மீட்டர் எனில், பதினாறு சுற்றுகள் 3.2 கிலோமீட்டர் ஆகும். சில வாரங்கள் பழகியவர்க்கு அது கைவரக்கூடிய தொலைவே. வெயில் ஏறுமுன் தொடங்குதல், முதலில் நடந்து உடலைத் தளர்த்துதல், தண்ணீர் அருந்துதல், போக்குவரத்து மிக்க சாலையைத் தவிர்த்தல் ஆகியன இன்றியமையாதவை. நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

ஓடி முடித்தபின் வீட்டில் வைத்த பாயசத்தை உண்பதற்குத் தடையேதும் இல்லை. இனிப்பும் வாழ்த்தும் பிறந்தநாளுக்கு அழகு சேர்ப்பவையே. அவை ஒரு குடும்பத்தின் கடனாகவோ ஒரு பிள்ளையின் நாணமாகவோ மாறாதவரை அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. சீருடையில் வந்த பிள்ளையும் வண்ண உடையில் வந்த பிள்ளையும் திடலில் ஓடும்போது இருவர்க்கும் வியர்ப்பது ஒன்றுபோலவே.

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருந்தால், ஆண்டில் நாற்பது பிறந்தநாள்கள் வரும். அந்த நாற்பது காலைகளிலும் வகுப்புத் தோழர் ஒன்றுகூடிப் பதினாறு நிமிடங்கள் ஓடினால், அவ்வகுப்பில் தன் பிறந்தநாளை மறைக்க வேண்டிய மாணவர் எவரும் இருக்கமாட்டார்.